ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஆய்வு முன்மொழிவு எழுதுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தேசிய விஞ்ஞான மன்றத்தின் படிவம் வேறு, வெளிநாட்டு நிதியங்களின் படிவம் வேறு. பக்க எல்லை, தலைப்புகள், உச்சத்தொகை எல்லாவற்றையும் அந்தந்த அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது எந்தப் படிவத்துக்கும் பொருந்துகிற விஷயங்கள்.

கேள்வி: குச்சவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்குக் கிட்டவுள்ள குடிநீர்க் கிணறுகளை ஆராய நிதி கேட்டிருந்தேன். "முக்கியமான தலைப்பு, ஆனால் குறிக்கோள் தெளிவில்லை" என்று ஒரு வரியோடு திருப்பிவிட்டார்கள். முதற் பந்தியை இணைத்திருக்கிறேன். பிழை எங்கே?
– உதவி விரிவுரையாளர், நிலாவெளி

பதில்: உங்கள் பந்தி இப்படிப் போகிறது: "நீர் உயிர்களின் ஆதாரம். உலகெங்கும் நிலத்தடி நீர் மாசடைந்து வருகிறது. இலங்கையும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆகவே குச்சவெளிப் பிரதேசத்தின் நீர்த்தரத்தை ஆராய்வது காலத்தின் தேவையாகும்."

நாலு வசனம் முடிந்துவிட்டது, நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள் என்பது இன்னும் வரவில்லை. மீளாய்வாளரின் மேசையில் ஒரு கட்டு விண்ணப்பம் கிடக்கும். அவர் மண் விஞ்ஞானியாக இருக்கலாம், இரசாயனவியலாளராக இருக்கலாம், குச்சவெளிக்கு ஒருநாளும் வந்திராதவராகவும் இருக்கலாம். நீர் முக்கியம் என்பதை அவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இன்னும் தெரியாதது எது, அதை எப்படிக் கண்டறிவீர்கள், கண்டறிந்தால் யார் எதை மாற்றிச் செய்வார்கள் என்ற மூன்றும் முதல் அரைப் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"குச்சவெளியில் வெங்காயத் தோட்டங்களும் குடிநீர்க் கிணறுகளும் ஒரே மணற்பரப்பில் அருகருகே உள்ளன. பசளையிலிருந்து கசியும் நைத்திரேற்று இக்கிணறுகளை எட்டுகிறதா, எட்டினால் எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் வரை என்பது அளக்கப்படவில்லை. தோட்டத்திலிருந்து 50 மீற்றருக்குள் 20 கிணறுகளிலும், 200 மீற்றருக்கு அப்பால் 20 கிணறுகளிலும், மழைக்கு முன், மழையின் நடுவில், மழை ஓய்ந்த பின், கோடையில் என ஆண்டுக்கு நான்கு தடவை நைத்திரேற்றை அளப்போம். கிட்டவுள்ள கிணறுகளில் மட்டும் அளவு உயர்ந்தால், பசளையைப் பிரித்து இடும் கால அட்டவணையை விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்களுடன் தயாரிப்போம். இரண்டிலும் ஒரேயளவு உயர்ந்தால் மலசலகூடக் குழிகளே முதற் சந்தேகம். அத்தரவைப் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கொடுப்போம்."

'அளக்கப்படவில்லை' என்று எழுதுமுன் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எவராவது அளந்திருந்தால் அந்த ஆய்வு எங்கே நின்றது என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்படியொரு வேலையை நீங்கள் காணாமல் விட்டு மீளாய்வாளர் கண்டுவிட்டால் கதை அதோடு சரி.

கடைசி மூன்று வசனங்களையும் கவனியுங்கள். முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருவருக்குப் பயன் இருக்கிறது. நினைத்தபடி முடிவு வந்தால்தான் பயன் என்கிற ஆய்வுக்குக் காசு கொடுக்க எவரும் தயங்குவார்கள்.

இனி ஆபத்தான இடம். கழிவுநீர்க் கசிவை அடையாளம் காண நைத்திரேற்றோடு குளோரைட்டையும் அளந்து ஒப்பிடுவது வழக்கமான உத்தி, நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். உள்நாட்டில் அது சரிவரும். கரையோரக் கிணற்றில் குளோரைட்டு கடலிலிருந்தும் வரும். கடற்கரையை அறிந்த மீளாய்வாளர் ஒருவர் இந்த ஒரு வரியைப் பிடித்தால் செய்முறை முழுவதன் மேலும் சந்தேகம் விழும். ஒவ்வொரு கிணற்றுக்கும் கிட்டிய குழி எத்தனை மீற்றரில் என்று பதியுங்கள், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியாச் சோதனையைச் சேருங்கள். பணம் இடம்கொடுத்தால் சில மாதிரிகளையாவது, நைத்திரேற்று பசளையிலிருந்தா கழிவிலிருந்தா வந்தது என்று பிரித்தறிய உதவும் நைதரசன் சமதானிப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். குளோரைட்டு ஏன் இங்கே தனித்துப் போதாது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். குறையை முதலில் சொன்னவரிடம் அதே குறையைச் சுட்டிக்காட்டி எவரும் புள்ளி வெட்டுவதில்லை.

அலகு இன்னொரு பொறி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அது நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. நைதரசனாகக் கணக்கிட்டால் அதுவே 11.3 மில்லிகிராம். ஆய்வுகூட அறிக்கை ஒரு கணக்கிலும் உங்கள் எல்லைப் பெறுமானம் மற்றக் கணக்கிலும் இருந்தால், மோசமான கிணறு நல்ல கிணறாகத் தெரியும். உங்கள் விண்ணப்பத்தின் 4ஆம் பக்கத்தில் ஒரு கணக்கு, 7ஆம் பக்கத்தில் மற்றது.

குறிக்கோள் ஐந்து எழுதியிருக்கிறீர்கள். "விழிப்புணர்வூட்டல்", "அறிவை மேம்படுத்தல்" இரண்டையும் வெட்டுங்கள். முடிந்ததா இல்லையா என்று ஆண்டிறுதியில் எவராலும் சரிபார்க்க முடியாதது குறிக்கோளில் சேராது. மிச்சம் மூன்றில் இரண்டு உண்மையில் ஒன்றேதான். ஆக, இரண்டு குறிக்கோள் போதும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு நிறுவனமான டார்பாவை 1970களின் நடுப்பகுதியில் நடத்திய ஜோர்ஜ் ஹைல்மையர், திட்டம் கொண்டு வருகிறவர்களிடம் ஒரு சிறு கேள்விப் பட்டியல் வைத்திருந்தார். கலைச்சொல் இல்லாமல் சொல், என்ன செய்யப் போகிறாய்? இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, எங்கே முட்டுகிறது? உன் வழியில் புதிது என்ன? யாருக்குக் கவலை? எது பிழைக்கலாம்? எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்? வெற்றியை இடையிலும் முடிவிலும் எப்படிச் சோதிப்பாய்? அரை நூற்றாண்டுப் பழசு என்றாலும் இதைவிட நல்ல சோதனைத் தாள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனத்தில் பதில் எழுத முடியாவிட்டால் படிவத்தை நிரப்பத் தொடங்காதீர்கள்.

கேள்வி: கிண்ணியாவில் டெங்கு பற்றிய அறிவு, நடைமுறை ஆய்வு. மாதிரி அளவு 384 என்று போட்டேன். "ஏன் 384?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள்?
– பொதுச் சுகாதாரப் பட்டதாரி, கிண்ணியா

பதில்: எல்லோரும் போடுவதால்தான் கேட்கிறார்கள். ஒரு விகிதத்தை 95% நம்பகத்தோடு, கூட்டியோ குறைத்தோ 5% பிழைக்குள் மதிப்பிட, விகிதம் 50% என்று எடுத்துக்கொண்டால் 384 வரும். எளிய எழுமாற்று மாதிரிக்கு, அதாவது வீடுகளைத் தனித்தனியே குலுக்கலில் தெரிவதற்கு உரிய எண் அது. நீங்கள் அப்படி எடுக்கவில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைத் தெரிந்து அவற்றுக்குள் வீடுகளைத் தெரிகிறீர்கள். ஒரே பிரிவு வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அதனால் எண்ணைப் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும் எண்ணுக்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர், அது 1.5 என்றால் 576. பத்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்றால் 576ஐ 0.9ஆல் வகுத்து 640. இந்த மூன்று படியையும் மூன்று வரியில் எழுதுங்கள், 1.5 எங்கிருந்து வந்தது என்பதோடு.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் குறிக்கோள் ஒப்பீடு. 2017இல் கிண்ணியாவை உலுக்கிய பரவலின்போது வீட்டில் நோயாளி இருந்த குடும்பங்களையும் இல்லாத குடும்பங்களையும் ஒப்பிடப் போகிறீர்கள். அப்படியானால் 384க்கு இங்கே வேலையே இல்லை, ஒப்பீட்டுக்கான கணக்கு வேண்டும். நீர்த்தாங்கியை வாரமொருமுறை தேய்த்துக் கழுவுவோர் ஒரு பக்கம் 40%, மறுபக்கம் 55% என்று எதிர்பார்த்தால், 80% வலுவுடன் (வேறுபாடு உண்மையில் இருந்தால் நூற்றுக்கு எண்பது தடவை பிடிபடும்படி) அந்த வேறுபாட்டைப் பிடிக்கப் பக்கத்துக்கு 170 வீடு வேண்டும். பதில் தராதோருக்கும் இடம்விட்டால் 189. வடிவமைப்பு விளைவால் இதையும் பெருக்க வேண்டும். 40, 55 என்ற எண்களுக்கு ஆதாரம் இல்லையென்றால், 30 வீட்டில் ஒரு முன்னோடி ஆய்வைச் செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அந்த 30 வீட்டுத் தரவு பத்துப் பக்க இலக்கிய மீளாய்வைவிட அதிகம் பேசும்.

மேலே நிலாவெளி வாசகருக்கும் இது பொருந்தும். 20க்கு 20 கிணறு என்றால் நியம விலகலின் (கிணற்றுக்குக் கிணறு அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 0.9 மடங்கு அளவுள்ள பெரிய வேறுபாடுதான் பிடிபடும். சின்ன வேறுபாட்டைத் தேடுகிறார் என்றால் கிணறுகளைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: வரவுசெலவுப் பகுதியை எப்போதும் கடைசி இரவில்தான் போடுகிறோம். "நியாயப்படுத்தல் போதாது" என்று வெட்டுகிறார்கள். எப்படிப் போட்டால் வெட்டமாட்டார்கள்?
– ஆய்வு உதவியாளர், மூதூர்

பதில்: கடைசி இரவில் போடுவதால்தான். செய்முறையிலிருந்து எண்ணி எண்ணி வர வேண்டிய பகுதி இது. முதற் கேள்வியின் கிணற்று ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 40 கிணறு, 4 தடவை, ஆக 160 மாதிரி. பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி (அதே கிணற்றில் சரிபார்ப்புக்காக இரண்டாம் தடவை எடுப்பது) என்றால் 16. நாளொன்றுக்கு 10 கிணறு என்றால் தடவைக்கு 4 நாள், மொத்தம் 16 கள நாள், நாளுக்கு ஒரு வெற்று மாதிரி (போத்தலிலோ கையாளலிலோ மாசு சேர்ந்ததா என்று பார்க்கத் தூய நீர் நிரப்பியது) என்று இன்னும் 16. ஆய்வுகூடத்துக்குப் போவது 192. இந்த 192தான் பகுப்பாய்வுக் கட்டணத்திலும் போத்தல் எண்ணிக்கையிலும் வர வேண்டும், 16 நாள்தான் வாகன வாடகையிலும் படியிலும் வர வேண்டும். செய்முறையில் 160, வரவுசெலவில் 250 என்று இருந்தால் மீளாய்வாளர் 250ஐ மட்டும் சந்தேகிக்கமாட்டார், மிச்ச வரிகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்.

நைத்திரேற்று மாதிரியை 4 பாகை செல்சியசில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் பகுப்பாய்வு செய்ய வேண்டும். ஆகவே குளிர்ப்பெட்டி, ஐஸ், ஆய்வுகூடம் வரைக்கும் மாதிரி கொண்டுபோகிற செலவு மூன்றும் தனி வரிகள். "போக்குவரத்து" என்று ஒரே வரியில் பெரிய தொகை போட்டால் முதல் வெட்டு அங்கேதான் விழும். "வாகனம்: 16 நாள் × நாள் வாடகை, நிலாவெளி–குச்சவெளி, விலைமனு இணைப்பு 3" என்று போட்டால் வெட்டுகிறவர் எந்த நாளை வெட்டுவது என்று யோசிக்க வேண்டிவரும்.

உதவியாளர் சம்பளத்தில் பலர் வழுக்குகிறார்கள். அது சம்பளமா கொடுப்பனவா என்று நிதிக் கிளையில் முதலே கேளுங்கள். சம்பளம் என்றால் தொழில்தருநர் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% சேரும். மாதம் 50,000 என்று எழுதினால் உண்மைச் செலவு 57,500. பன்னிரண்டு மாதத்தில் 90,000 ரூபாய் துண்டு விழும். பிறகு அதை இரசாயனப் பொருள் தொகையிலிருந்து பிடுங்க வேண்டியதுதான்.

இறக்குமதிப் பொருளுக்கு விலைமனுவின் திகதியையும் நாணய மாற்று வீதத்தையும் குறியுங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் 350ஐத் தாண்டியது. முந்திய ஆண்டு ரூபாய் விலையில் பாதீடு போட்டவர்களுக்கு அது பாதிக்குச் சற்றுக் கூடிய பொருளுக்குத்தான் கண்டது. எந்தப் பொருளை முதல் மூன்று மாதத்துக்குள் வாங்குவீர்கள் என்றும் எழுதினால் நல்லது. கொள்முதல் நடைமுறை உங்கள் கால அட்டவணையைப் பார்த்து நகர்வதில்லை.

மடிக்கணினியை மட்டும் போடாதீர்கள். அனேகமாக எல்லோரும் போடுகிறார்கள், அனேகமாக எல்லோருக்கும் வெட்டுகிறார்கள்.

கேள்வி: புறாத் தீவில் பவளப்பாறை ஆய்வு. ஒக்டோபரில் தொடங்கி 12 மாதம். "இடர்கள்" என்ற பகுதியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "இல்லை" என்று போட்டேன்.
– சுழியோடி, உப்புவெளி

பதில்: உங்கள் முதல் இடர் தொடக்க மாதத்திலேயே இருக்கிறது. ஒக்டோபரில் காசு வந்தால் அடுத்த மாதங்களில் வாடைக்காற்று, கலங்கிய கடல். நீருக்குள் தெளிவாக வேலை செய்யக்கூடிய காலம் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. ஆகவே முதல் ஆறு மாதத்தை அனுமதி, உபகரணம், இனங்காணல் பயிற்சி, பழைய தரவு சேகரிப்பு என்று நிரப்புங்கள். கள வேலையை மே, யூன், யூலையில் வையுங்கள், ஓகஸ்ட்டைச் சேமிப்பாக விடுங்கள். திருகோணமலைக் கடலை அறியாத மீளாய்வாளருக்கு இந்த அட்டவணை ஒன்றே போதும், உங்களுக்குக் கடல் தெரியும் என்பதற்கு.

புறாத் தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அங்கே ஆய்வு நடத்த முடியாது. அனுமதி கையில் இல்லாவிட்டாலும் விண்ணப்பித்த திகதியையும் கடிதப் பிரதியையும் இணையுங்கள். அனுமதி பிந்தினால் என்ன செய்வீர்கள்? பூங்கா எல்லைக்கு வெளியே, எந்தத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் விசாரித்து, ஒரு மாற்று இடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அளவீட்டையும் வெறுமனே "பவளப் பரம்பலை ஆராய்தல்" என்று விடாதீர்கள். பவளப்பாறைகளைக் கண்காணிக்கப் பாவிக்கும் ரீஃப் செக் முறையென்றால் 100 மீற்றர் நாடா, அதில் 20 மீற்றர் துண்டுகள் நான்கு, துண்டுகளுக்கிடையே 5 மீற்றர் இடைவெளி. அரை மீற்றருக்கு ஒரு புள்ளி, துண்டுக்கு 40, நாடாவுக்கு 160 புள்ளி. எத்தனை நாடா, எந்த ஆழம், ஒரு நாளில் எத்தனை சுழியோட்டம் என்று அங்கிருந்து பெருக்கினால் படகு நாளும் சிலிண்டர் எண்ணிக்கையும் தானாக வரும். இடர்ப் பகுதியில் மூன்று வரி போதும்: கடல் கொந்தளிப்பு, அனுமதித் தாமதம், சுழியோடி சுகவீனம். ஒவ்வொன்றுக்கும் நேரே, நடந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். "இல்லை" என்று எழுதியவரை அனுபவமில்லாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: கொட்டியாரக் குடாவில் நண்டு வளம் பற்றி ஆராய ஒரு குழு எங்கள் சங்கத்திடம் ஆதரவுக் கடிதம் கேட்கிறது. அவர்களே தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள், கையொப்பம் வைத்தால் சரியாம். வைக்கலாமா?
– கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர், மூதூர்

பதில்: வாசித்துவிட்டு வையுங்கள் ஐயா. "எமது பூரண ஒத்துழைப்பை வழங்குவோம்" என்று மட்டும் இருந்தால் அது உங்களுக்கும் உதவாது, அவர்களுக்கும் உதவாது. மீளாய்வாளர்கள் அப்படியான கடிதங்களைப் புரட்டிவிட்டுப் போவார்கள். எத்தனை படகு, எந்த மாதம், மாதத்தில் எத்தனை நாள், ஒவ்வொரு படகும் எதைப் பதிந்து கொடுக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். எரிபொருளும் அன்றைய உழைப்பு இழப்பும் யார் கணக்கில் என்பதும் இருக்கட்டும், அது அவர்களுடைய வரவுசெலவிலும் வரி வரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எங்கே நண்டு படுகிறது என்பது உங்கள் பிழைப்பு. துல்லியமான இடத்தை வெளியிடக் கூடாதென்றால் அதையும் கடிதத்திலேயே எழுதலாம். முடிவுகளைச் சங்கக் கூட்டத்தில் தமிழில் வந்து சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு திகதி கேளுங்கள். சங்கத் தலைப்புத் தாள், பதிவிலக்கம், தலைவர் செயலாளர் இருவரின் ஒப்பம். நாற்பது படகு தருவோம் என்று பெருமைக்கு எழுதாதீர்கள், எட்டுத்தான் முடியுமென்றால் எட்டு.

கேள்வி: யோசனை தமிழில் நன்றாக ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதுவித்தால் என்ன?
– முதுமாணி மாணவி, தம்பலகாமம்

பதில்: எலும்புக்கூட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். ஹைல்மையரின் கேள்விகளுக்கான பதில்களே போதும். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் எங்கே முகத்தைச் சுளிக்கிறார் என்று பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனமாக எழுதி, இலக்கணம் திருத்த மட்டும் செயலியைப் பாவிக்கலாம், நிதியம் அனுமதித்தால். சில நிதியங்கள் பாவித்ததை அறிவிக்கச் சொல்கின்றன. முழுவதையும் அதனிடம் விட்டால் வருவது "காலத்தின் தேவை" வகை எழுத்துத்தான், ஆங்கிலத்தில். இல்லாத ஆய்வுக் கட்டுரைகளையும் ஆசிரியர் பெயரோடு அது தரும். மேற்கோள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நிராகரித்ததை அதே நிதியத்துக்குத் திருப்பி அனுப்பலாமா?
– வாசகர், கந்தளாய்

பதில்: மீள்சமர்ப்பிப்பு உண்டா என்று விதியைப் பாருங்கள். உண்டென்றால் ஒவ்வொரு விமர்சனத்தையும் வரிசையாக எழுதி, எதை எந்தப் பக்கத்தில் மாற்றினீர்கள் என்று காட்டுங்கள். மீளாய்வாளர் தவறாக விளங்கிக்கொண்டார் என்று தோன்றும் இடங்களில் வாதாடாமல் அந்த வசனத்தைத் திருத்துங்கள். இரண்டு மீளாய்வாளர் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லியிருந்தால், எதை ஏற்றீர்கள், ஏன் என்று இரண்டு வரி.

கேள்வி: எல்லாம் தயார். சமர்ப்பிக்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?
– விரிவுரையாளர், திருகோணமலை நகர்

பதில்: துறைத்தலைவர், பீடாதிபதி, பதிவாளர் ஒப்பங்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒப்பமிட வேண்டியவர் கொழும்பில் கூட்டத்தில் இருப்பார். மனிதர்களைப் பற்றிய ஆய்வென்றால் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியோ, விண்ணப்பித்த இலக்கமோ வேண்டும். அந்தக் குழுக்கள் மாதமொருமுறை கூடினாலே பெரிது. பி.டி.எப். ஆக்கிய பின் இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள், அட்டவணை ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வெளிநாட்டு நிதியமென்றால் முடிவு நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். லண்டனில் பிற்பகல் 5 மணி என்றால் இங்கே இரவு 10.30, அங்கே கோடை நேரம் நடைமுறையில் இருந்தால் 9.30. அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பி இருக்காமல், முதல்நாளே அனுப்பிவிட்டு, கிடைத்ததற்கான மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள்.